மந்தகாலத்தில் கடையை மூடுவது: எப்போது, எப்படி?

வாசகர் ஒருவரின் பதிவு, 18 டிசம்பர் 2008

ஒரு மாதத்தின் கணக்கில் நஷ்டம் தெரிந்த உடனே ஷட்டரை இறக்கிவிட வேண்டும். "அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்று இழுப்பவர்கள் கையில் இருக்கும் மிச்சத்தையும் தொலைக்கிறார்கள். இதில் மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?

அதே இழையில் என் பதில், 19 டிசம்பர் 2008, இரவு

எனக்கு உண்டு. படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன், பதினோரு ஆண்டுகளாக. என்னோடு வேலை செய்பவர்கள் இருவர். அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. அடுத்த சில வாரங்களிலேயே எங்களுக்கு வரும் ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. ஆகவே இது எனக்கு ஏட்டுக் கேள்வி கிடையாது.

பணத் தொகைகள் வேண்டாம், மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் இருவருக்கும் சேர்த்து 70. மின்சாரம், தொலைபேசி, சில்லறைச் செலவு 20. நல்ல காலத்தில் மரம், கண்ணாடி, அட்டை விலை போக 250 நிற்கும். அதில் 190 செலவு போய் 60 வீட்டுக்கு வரும். இந்த மாதம் நிற்பது 125 தான். 65 துண்டு விழுகிறது. நீங்கள் சொல்வதுபோல் இன்றே மூட வேண்டியவன் நான்.

ஆனால் என் வாடகை ஒப்பந்தம் ஜூலை கடைசி வரை. திறந்தாலும் மூடினாலும் அந்த 100 கட்டியே ஆக வேண்டும். மூடினால் மிச்சமாவது 90, போய்விடுவது 125. திறந்து வைத்தால் மாதம் 65 இழக்கிறேன், மூடினால் 100. பிறகு எதற்கு மூட வேண்டும்?

இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செலவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: தொழில் நடந்தால் மட்டும் ஆகும் செலவு, நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆகும் செலவு. குறுகிய காலத்தில் முதல் வகையை மீட்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. நஷ்டம் என்ற ஒரே சொல்லை வைத்து முடிவெடுத்தால் தவறான நாளில் மூடுவோம்.

20 டிசம்பர் 2008

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கணக்கில் என் உழைப்புக்குக் கூலி பூஜ்யம். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நிற்கிறேன். வேறு எங்காவது வேலைக்குப் போனால் ஏதோ ஒன்று வருமல்லவா, அதையும் "கடையைத் திறந்து வைக்கும் செலவு" என்று எழுத வேண்டும். இப்போதைக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் யாரும் இல்லை என்பதால் பூஜ்யம் என்றே விட்டிருக்கிறேன். அது மாறினால் கணக்கும் மாறும்.

7 ஜனவரி 2009

பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் என்ற பெரிய கடைத் தொடர் நேற்றோடு முடிந்தது. 807 கடைகள், ஏறத்தாழ 27,000 வேலைகள். லிவர்பூலில் 1909இல் முதல் கடையைத் திறந்தவர்கள், நூறு ஆண்டு நிறைவதற்கு முன்பே போய்விட்டார்கள். கடைசி நாட்களில் அலமாரி, சாமான் தாங்கி என்று எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள். சாமான் தீர்ந்த பிறகு சாமான் வைத்த பலகை.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் கடையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மூலை வெட்டும் இயந்திரம், வேலை மேசை, நீளச் சட்டங்கள் நிறுத்தி வைக்கும் தட்டி. எதற்கு யார் என்ன கொடுப்பார்கள் என்று முதல்முறையாக யோசித்தேன். இயந்திரத்துக்கு மட்டும்தான் ஒரு விலை தேறும்.

8 ஜனவரி 2009

"பிரேம் கடைக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?" என்று கேட்டிருக்கிறார்கள். தள்ளிப்போடக்கூடிய செலவு என்பதால். படம் உறைக்குள் இருந்தால் கெட்டுப்போவதில்லை. சான்றிதழ் அலமாரியில் கிடந்தால் யாருக்கும் பசிக்காது. ஒவ்வொருவரும் தன் அளவில் சரியாகத்தான் செய்கிறார்கள், கையில் இருப்பதைப் பிடித்து வைக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் அப்படிச் செய்யும்போது யாருடைய விற்பனையோ, யாருடைய சம்பளமோ நின்றுபோகிறது. பொருளாதார அறிஞர் கெய்ன்ஸோடு சேர்த்துச் சொல்லப்படும் சிக்கனத்தின் முரண் இதுதான். படித்தபோது புரியாதது இப்போது கல்லாவில் புரிகிறது. நானும் என் வீட்டில் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், பழைய செருப்பைத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உடைந்த பிரேமைச் சரிசெய்யக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் கூடியிருக்கிறார்கள். அதில் நிற்கும் காசு குறைவு, ஆனால் வருகிறார்கள்.

2 பிப்ரவரி 2009

ஜனவரி நிலவரம்: நின்றது 120, தொழில் நடத்தும் செலவு 90, வாடகைக்கு மிஞ்சியது 30. துண்டு 70. கணக்கு இன்னும் என் பக்கம்தான்.

1 மார்ச் 2009

இனி இல்லை. பிப்ரவரியில் நின்றது 85, செலவு 90. மூடியிருந்தால் 100 இழந்திருப்பேன், திறந்து வைத்து 105 இழந்தேன். டிசம்பரில் நான் எழுதிய விதிப்படியே இப்போது மூட வேண்டும்.

மூடவில்லை. ஏன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இரண்டு காரணம் கிடைக்கிறது. ஒன்று நல்லது, மற்றொன்று எப்படி என்று தெரியவில்லை.

4 மார்ச் 2009, நீளமாகப் போகும்

தெரியாத காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டு போட்ட பணமும் உடம்பும். அது போனது போனதுதான், இன்று எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை என்பார்கள். புத்திக்கு ஏறுகிறது, மனம் ஏற்பதில்லை. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. நாடகப் பருவச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், இருக்கை ஒன்றுதான். கொடுத்த காசு பிடித்து இழுத்திருக்கிறது. பருவச் சீட்டே அப்படி இழுக்கும் என்றால் பெயர்ப்பலகை எப்படி இழுக்காது?

இந்த இழையில் இரண்டு பேர் எனக்கு ஒரு பரீட்சை கொடுத்திருந்தார்கள்: "இந்தக் கடை இன்று உங்களுடையதாக இல்லையென்றால், இதே வாடகைக்கு இதை எடுத்து நடத்துவீர்களா? மாட்டீர்கள் என்றால் மூடுங்கள்." கேட்கும்போது அசைக்க முடியாதது போல இருந்தது. இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பரீட்சை தவறு என்பது இப்போது என் கட்சி. பொருளாதார அறிஞர் அவினாஷ் தீட்சித் 1989இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் கருத்து இது: நுழையவும் செலவு, வெளியேறவும் செலவு, நாளை எப்படி இருக்கும் என்பதும் தெரியாது என்றால், புதிதாகத் தொழிலில் இறங்கத் தூண்டும் விலையும், உள்ளே இருப்பவனை வெளியேறச் செய்யும் விலையும் ஒன்றாக இருக்காது. நடுவில் ஒரு அகலமான பட்டை இருக்கும். அந்தப் பட்டைக்குள் வெளியே இருப்பவன் உள்ளே வரமாட்டான், உள்ளே இருப்பவன் வெளியே போகமாட்டான், இருவர் செய்வதும் அறிவுள்ள காரியம்தான். திறந்திருக்கும் கடை என்பது நாளைக்கான ஒரு வாய்ப்பு. மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டுமென்றால் புதிய முன்பணம், புதிய அலமாரி, புதிய பெயர்ப்பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக "அந்தக் கடை போய்விட்டது" என்று நினைத்துவிட்ட வாடிக்கையாளர்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போட மாதம் 5 கூடுதலாக இழப்பது மலிவுதான்.

இதுதான் நல்ல காரணம். சிக்கல் என்னவென்றால், பிடிவாதமும் இதே சொற்களைத்தான் பேசும். "வாய்ப்பைக் காப்பாற்றுகிறேன்" என்று சொல்வது வீம்பா கணக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு வழி தோன்றுகிறது: எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு வரைக்கும் என்று எண்ணால் எழுதி வைக்க முடிந்தால் அது கணக்கு. எழுதக் கை வரவில்லை என்றால் வீம்பு. இன்று இரவு எழுதப் போகிறேன்.

5 மார்ச் 2009

எழுதிவிட்டேன். மே மாதம் முடியும்போது மூன்று மாதச் சராசரி 120க்குக் கீழே இருந்தால், ஜூலையோடு சரி.

11 மார்ச் 2009

கடையில் வேலை செய்யும் இருவரில் இளையவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். போகச் சொன்னேன், சந்தோஷமாகவே. சம்பளம் 70 என்பது 45 ஆகிறது. கணக்கில் இது உதவி. கடையில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது.

2 ஏப்ரல் 2009

மார்ச்: நின்றது 80, செலவு 65. துண்டு 85.

17 ஏப்ரல் 2009

அவசரமாக எழுதுகிறேன், கடை வாடகைக்கு எடுத்திருக்கும் எல்லாரும் இன்றே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

என் ஒப்பந்தம் ஜூலை 31இல் முடிகிறது என்று டிசம்பர் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி முழுதாகப் படித்தேன். மூன்று மாதம் முன்னால் எழுத்தில் அறிவிக்காவிட்டால் அதே விதிகளோடு தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது என் உண்மையான கெடு ஜூலை 31 இல்லை, ஏப்ரல் 30. பதின்மூன்று நாள் மிச்சம். பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் மூன்று ஆண்டு வாடகைக்குக் கட்டுப்பட்டிருப்பேன்.

மார்ச் 5இல் மே முடிவு என்று பெருமையாக எழுதினேனே, அது செல்லாது. வரவு செலவை வைத்து நான் கெடு குறித்தேன். கெடு குறிப்பது காகிதம். டிசம்பரில் எழுதிய என் முதல் குறிப்பையும் இப்படித் திருத்திப் படியுங்கள்: வாடகை எதுவரை கட்டாயம் என்று கேட்பதோடு, அதிலிருந்து வெளியே வர எந்த நாளில் வாயைத் திறக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

18 ஏப்ரல் 2009

"கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் வாடகைப் பாக்கி உங்கள் தலையில் விழாதே" என்று ஒருவர். ஓரளவுக்கு உண்மை. கம்பெனி வேறு, உரிமையாளர் வேறு என்ற கோட்பாடு உறுதியானதே ஒரு சிறு வியாபாரி நொடித்த கதையில்தான். லண்டனில் ஆரன் சாலமன் என்பவர் தோல் காலணி செய்து விற்றவர். 1892இல் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார், பங்குதாரர்கள் அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். கொஞ்ச காலத்தில் கம்பெனி நொடித்தது. கடன்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். கடைசியில் அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று தீர்ப்புச் சொன்னது. உலகின் பல நாடுகளில் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறார்கள்.

ஆனால் இடம் கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் அந்தத் தீர்ப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்தவர்கள். தனிப்பட்ட உத்தரவாதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கையெழுத்து இருந்தால் சாலமனும் உதவமாட்டார். என்னிடமும் வாங்கியிருக்கிறார்கள். எப்போது போட்டேன் என்றுகூட நினைவில்லை.

24 ஏப்ரல் 2009

கடிதம் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஜூலை 31.

வாடகையைக் குறைத்தால் இருப்பேன் என்றும் கேட்டேன். முடியாது என்றார் கட்டிடக்காரர். அவருக்கும் கட்டிடத்தின் மேல் கடன் இருக்கிறதாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

9 மே 2009

மூடுவதற்கும் முதல் வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த இழையில் ஐந்து மாதமாக மூடலாமா வேண்டாமா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், மூடுவதற்கு ஆகும் செலவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் உட்பட.

என் பட்டியல், வாடகை 100 என்ற அதே கணக்கில். மூத்தவருக்குச் சேர வேண்டியது இரண்டு மாதச் சம்பளம், 90. இடத்தை எடுத்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்: சுவரில் அடித்த தட்டிகளைப் பிடுங்கி, துளைகளை அடைத்து, வண்ணம் அடிப்பதற்கு 85. மரம், கண்ணாடி கொடுத்தவர்களுக்குப் பாக்கி 110. மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை அப்புறப்படுத்த 20, அதை யாரும் சும்மா எடுப்பதில்லை. ஆர்டருக்கு முன்பணம் வாங்கி இன்னும் முடிக்காதவை, கணக்கு முடிக்க எழுதுபவருக்குக் கூலி, இணைப்புகளைத் துண்டிக்கும் பாக்கிகள் சேர்த்து 35. மொத்தம் 340. மனக்கணக்காக 150 என்று நினைத்திருந்தேன்.

மூன்றரை மாத வாடகை. மே முடிவு வரை பார்ப்போம், ஜூன் வரை பார்ப்போம் என்று கடைசிக் காசு வரை இழுத்திருந்தால், மூடும் நாளில் இந்த 340 இருந்திருக்காது. அப்படி மூடுபவர்களைத்தான் "ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டான்" என்று சொல்கிறோம். அவர்களில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை என்று இப்போது நம்புகிறேன். ஒழுங்காக மூடும் காசையும் நம்பிக்கையில் போட்டுத் தீர்த்தவர்கள் அவர்கள்.

முதல் பதிவு எழுதியவருக்கு: நீங்கள் சொன்னதில் பாதி சரி. உடனே மூடு என்பது சரியில்லை. மூடும் காசு கையில் இருக்கும்போது மூடு என்பதுதான் சரி. அந்த 340ஐத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதி எவ்வளவோ அதைத்தான் "இன்னும் எத்தனை மாதம் தாங்கும்" என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

3 ஜூன் 2009

ஒரு தவறு செய்துவிட்டேன். மரச் சட்டம் கொடுப்பவரிடம் பாக்கிக்குத் தவணை கேட்பதற்காக, மூடப்போகிறேன் என்று முதலில் அவரிடம் சொன்னேன். அவர் நல்லபடியாகவே நடந்துகொண்டார். "மூடுறவங்க யாரும் போன் எடுக்க மாட்டாங்க, நீங்க நேர்ல வந்து சொல்றீங்க" என்று தவணையும் கொடுத்தார். ஆனால் இரண்டு நாள் கழித்துச் சரக்கு இறக்க வந்த பையன், என் மூத்தவரிடம் "இனிமே எங்க வேலைக்குப் போவீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

அவர் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைக்கும்போதுதான் கேட்டார்: "சரக்குப் பையன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா, தம்பி?"

ஏப்ரல் 24க்கும் அந்த நாளுக்கும் நடுவில் முப்பது தடவையாவது அவரோடு சேர்ந்து டீ குடித்திருக்கிறேன். நல்ல சேதி ஏதாவது வரட்டும், அதோடு சேர்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவருக்கு வேலை தேட ஐந்து வாரம் கிடைத்திருக்கும், அதைத் தின்றுவிட்டேன். கூட நிற்பவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்புறம் கட்டிடக்காரர், அப்புறம் சரக்குக்காரர்கள், கடைசியில் வாடிக்கையாளர்கள். இந்த வரிசையை மாற்ற எந்தக் காரணமும் போதாது.

14 ஜூன் 2009

மூடும் விற்பனை பற்றிக் கேட்டவர்களுக்கு. மற்ற கடைகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்: என் சரக்கு அப்படியே விற்காது. மூன்று மீட்டர் மரச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் யார் என்ன செய்வார்கள்? ஆகவே ஜூன் முழுக்க நானும் மூத்தவரும் சட்டங்களை வெட்டி, சான்றிதழ் அளவு, சாதாரணப் புகைப்பட அளவு என்று நாலைந்து அளவுகளில் ஆயத்தப் பிரேம் செய்துகொண்டிருக்கிறோம். ஆர்டருக்கு மட்டுமே வெட்டிய கை, இப்போது ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வெட்டுகிறது. பேசாமல் இருந்த அவர் இந்த வேலை தொடங்கிய பிறகு கொஞ்சம் பேசுகிறார். மிஞ்சிய கண்ணாடியும் இதில் செலவாகிறது, ஆக அந்த 20 குறையும்.

தள்ளுபடியைப் பெரிதாகத் தொடங்காதீர்கள். முதல் வாரமே பாதி விலை என்று போட்டால் கடைசி வாரம் இறங்க இடமிருக்காது. குறைவாகத் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். விரும்பிய பொருள் போய்விடுமோ என்று பயப்படுபவர் முதலில் வருவார், மலிவை மட்டும் தேடுபவர் கடைசியில் வருவார், இருவருக்கும் இடம் வேண்டும். ஒன்று உறுதியாகச் சொல்வேன்: மூடும் விற்பனை என்று பலகை வைத்துவிட்டுப் புதுச் சரக்கு வாங்கி உள்ளே தள்ளாதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படியே தவறு. பதினோரு ஆண்டு வந்தவர்களிடம் கடைசி மாதத்தில் பொய் சொல்ல வேண்டாம்.

28 ஜூன் 2009

வாடிக்கையாளர்கள் வாங்கிப் போகாமல் விட்டவை. இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை.

பின்னறையை ஒதுக்கியபோது எண்ணினேன், 61. பிரேம் போட்டு முடித்து, தாளில் சுற்றி, சீட்டு கட்டி, யாரும் வராமல் நின்றவை. சிலதுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவை கடந்த எட்டு மாதத்தில் வந்தவை. முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியைக் கொடுக்க இல்லாததால் வராதவர்கள் என்று புரிந்தது. ஒரு பட்டமளிப்புப் படம். ஒரு கிழவரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், விளிம்பு பூச்சி அரித்தது, பெரிதாக்கிச் சரிசெய்தது. குழந்தை கிறுக்கிய ஒரு தாள், அதற்கு இருப்பதிலேயே விலை கூடிய சட்டம் கேட்டிருக்கிறார்கள்.

பிறர் பொருள் நம் கையில் இருந்தால் அது நம் சரக்காகிவிடாது. எத்தனை நாள் கழித்து, எப்படி அறிவித்து அப்புறப்படுத்தலாம் என்று பல நாடுகளில் விதி உண்டு. பிரிட்டனில் இதற்கு 1977இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும் கடை, தையல் கடை, கடிகாரக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடு வரும்.

61 பேரையும் அழைக்கத் தொடங்கியிருக்கிறேன். மீதிப் பணம் வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கணக்குப்படி இது நஷ்டம். கிழவர் படத்தை இன்னொருவருக்கு விற்க முடியுமா என்ன?

12 ஜூலை 2009

19 மிச்சம். வருபவர்களில் பாதிப் பேர் மீதியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு அம்மா மூன்று தவணையாகக் கொடுத்தார். வாங்கமாட்டேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார், "சும்மா வாங்கிட்டுப் போறதுக்கா ஆறு மாசம் வராம இருந்தேன்?" என்று. வாங்கிக்கொண்டேன்.

19 ஜூலை 2009

பக்கத்துக் கடைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் போனால் சாயங்காலம் இந்தப் பக்கம் இருட்டாகிவிடும் என்றார். விற்பனையைப் பற்றிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன், விளக்கைப் பற்றித்தான் சொன்னார். பெண்கள் தனியாக நடந்து போகும்போது என் கடை விளக்கு ஒரு துணை என்று அவர் மனைவி சொல்வாராம். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் தெருவின் மேல் இருக்கும் கண்கள் என்று எழுதியது இதைத்தான்: கடைக்காரர்கள் காவல்காரர்கள் இல்லை, ஆனால் அவர்கள் அங்கே இருப்பதே ஒரு காவல். என் வரவு செலவில் இந்த வரி எங்குமே இல்லை. இருந்தால் யார் கணக்கில் எழுதுவது? எனக்கு அதற்குக் காசு வந்ததில்லை, ஆனால் நான் போவதால் அவர் இழக்கிறார்.

கடைசி நாள் வரை வெளி விளக்கை அணைக்காமல் இரவு பத்து மணி வரை போட்டு வைக்கிறேன்.

1 ஆகஸ்ட் 2009

நேற்று சாவியைக் கொடுத்துவிட்டேன். சுவர்த் துளை ஒன்றை அடைக்காமல் விட்டதாக முன்பணத்தில் கொஞ்சம் பிடித்தார்கள். சரி.

மூத்தவருக்கு ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. இயந்திரத்தை விற்கவில்லை, வீட்டு மாடியில் இருக்கிறது.

9 ஆகஸ்ட் 2009

முதல் பதிவு எழுதியவர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "டிசம்பரிலேயே மூடியிருந்தால் லாபமா, இல்லையா?" நேர்மையான கேள்வி, எண்ணால் பதில் சொல்கிறேன்.

டிசம்பர் இறுதியில் மூடியிருந்தால் ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு வாடகை, 700. திறந்து வைத்ததில் விழுந்த துண்டு: 70, 105, 85, 80, 90, 60, 20. கூட்டினால் 510. ஜூன், ஜூலை குறைந்ததற்குக் காரணம் ஆயத்தப் பிரேம்கள். ஆக மிச்சம் 190. மூடும் செலவு எப்போது மூடினாலும் உண்டு, ஆகவே அதை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.

ஏழு மாத உழைப்புக்கு இரண்டு மாத வாடகைகூட முழுதாக வரவில்லை. டிசம்பர் 20இல் என் கூலியைப் பூஜ்யம் என்று எழுதினேன், அதற்கு ஏதாவது போட்டிருந்தால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனால் டிசம்பரில் மூடியிருந்தால் மரக்காரரின் பாக்கி நின்றிருக்கும், இளையவள் வேலையோடு வேலையாக இன்னொரு வேலை தேடியிருக்க முடியாது, அந்த 61இல் அப்போதே வந்திருந்த படங்கள் பூட்டிய ஷட்டருக்குள் கிடந்திருக்கும். இதையெல்லாம் 190க்குள் எப்படிச் சேர்ப்பது? நான் சேர்க்கவில்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

22 செப்டம்பர் 2010

அமெரிக்காவில் மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று நாள் குறிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வு நிறுவனம் நேற்று முன்தினம் அறிவித்திருக்கிறது: 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாம். நான் மூடியது ஜூலை.

அரை நாள் இந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம்! பிறகு நிதானமாக யோசித்தேன். தொடக்கத்தை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பர் 1, தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு கழித்து. முடிவை அறிவித்தது ஓராண்டுக்கும் மேல் கழித்து. அவர்களுக்கே அப்படி என்றால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மேலும், முடிந்தது என்றால் சரிவது நின்றது என்றுதான் பொருள். அங்கேயே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில். படத்துக்குப் பிரேம் போட நினைப்பவர் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் வருவார்.

29 செப்டம்பர் 2016

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. அமெரிக்காவில் 5,97,000 சிறு தொழில்களின் வங்கிக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். வரவு முழுதாக நின்றுபோனால் கையிருப்பு எத்தனை நாள் செலவைத் தாங்கும் என்ற கேள்வி. நடு இடத்தில் இருக்கும் தொழிலுக்கு 27 நாள். கால்வாசித் தொழில்களுக்கு 13 நாளுக்கும் குறைவு.

2009 மே 9இல் நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ஒழுங்காக மூட எனக்கு மூன்றரை மாத வாடகை தேவைப்பட்டது. 27 நாள் கையிருப்பு வைத்திருப்பவர் மூட வேண்டும் என்று உணரும் நாளில், மூடும் காசு ஏற்கெனவே கையை விட்டுப் போயிருக்கும். கடை நன்றாக ஓடும்போதே அதை ஒதுக்கத் தொடங்க வேண்டும். நன்றாக ஓடும்போது யாருக்கு மூடுவதைப் பற்றி நினைக்க மனம் வரும் என்பது எனக்கும் தெரியும்.

16 ஏப்ரல் 2020

புதிதாக வந்தவர்கள் பலர் கேட்கிறார்கள்: ஊரடங்கில் வரவு பூஜ்யம், மார்ஷல் கணக்குப்படி மூடிவிடலாமா?

கணக்கு அதேதான், உள்ளே போடும் எண்கள் வேறு. 2009இல் எனக்கு யாரும் சம்பளத்துக்கு உதவவில்லை. இப்போது சில அரசுகள் கடையைத் தூங்க வைக்கப் பணம் தருகின்றன. பிரிட்டனில் வேலைக்கு வராமல் இருக்கும் ஊழியரின் சம்பளத்தில் ஒரு வரம்பு வரை 80 சதவீதத்தை அரசே ஏற்கிறது. அமெரிக்காவில் பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் தள்ளுபடியாகும் கடன் இம்மாதம் தொடங்கியிருக்கிறது. நடத்தும் செலவு அப்படிக் குறையும் இடத்தில் இருக்கிறவர்கள் தீட்சித்தின் பட்டைக்குள் இன்னும் நிறைய நாள் நிற்கலாம். எந்த உதவியும் இல்லாத இடத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தத்தின் அறிவிப்பு வரியை இன்று இரவே படியுங்கள். மூடும் காசைக் கணக்குப் போடுங்கள். கூட நிற்பவர்களிடம் நாளைக் காலையில் பேசுங்கள், முடிவு எடுத்த பிறகு பேசலாம் என்று தள்ளாதீர்கள்.

17 ஏப்ரல் 2020

"அந்த 61இல் கடைசியாக எத்தனை நின்றது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு. எண்கள் மாறிப்போனவர்கள், ஊர் மாறிப்போனவர்கள். மாடியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கேதான் இப்போது ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், மாதம் பத்துப் பன்னிரண்டு. 2013இல் ஒருவர் தேடிப் பிடித்து வந்தார், சீட்டை பர்ஸிலேயே வைத்திருந்தார். ஆக ஆறு. கிழவர் படமும் அதில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்கத் தாளை மாற்றிச் சுற்றி வைக்கிறேன்.